வாசலில் மூன்று பேர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேய் என்றால் பயம். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் காய்ந்த துணி எடுக்கக்கூட விளக்கு வைத்த பிறகு போகமாட்டேன். இப்படிப்பட்ட ஒருவனை மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரனாக இரண்டு வருஷம் லண்டனுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊழியத்தில் எழுவதற்கு, தூங்குவதற்கு, முடி வெட்டிக்கொள்வதற்கு என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அவற்றில் நான் மனமார நேசித்தது ஒன்றைத்தான். யாரும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். ஒருவன் பேசினால் மற்றவனுக்குக் கேட்கும் தூரத்திலேயே இருக்க வேண்டும். குளியலறைக்கு மட்டும் விலக்கு.

எனக்குக் கிடைத்த கூட்டாளி அமெரிக்காவில் உருளைக்கிழங்கு விளைகிற ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்தவன். நெட்டைக்கொக்கு. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால்கள் ஆட்கள் நடக்கிற வழி வரைக்கும் நீண்டுவிடும். அவனுக்குப் பயமும் கிடையாது, சந்தேகமும் கிடையாது. மழையில் நனைந்துகொண்டே பாட்டு முணுமுணுப்பான். சில நாட்களில் அந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் இருவர் சட்டையிலும் குத்தியிருந்த கறுப்புப் பெயர்ப் பட்டையில் ‘எல்டர்’ என்று போட்டிருக்கும். மூத்தவர் என்று பொருள். மீசைகூட ஒழுங்காக முளைக்காத இரண்டு மூத்தவர்கள்! சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சில மாதங்கள் போன பிறகு என் பெயரை நானே மனதுக்குள் சொல்லிப் பார்த்தால், எப்போதோ கல்யாணத்தில் பார்த்த தூரத்துச் சொந்தக்காரன் பெயர் மாதிரி இருந்தது.

லண்டன் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் எங்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாட். விடியுமுன் எழுந்து தண்டால் எடுத்து, ஓட்ஸ் கஞ்சி குடித்து, வேதம் படித்து, வெள்ளைச் சட்டையும் டையும் மாட்டிக்கொண்டு இறங்கினால் கதவு தட்டுவதுதான் வேலை. விமானங்கள் கூரைகளை உரசுவது போலத் தாழ்ந்து வரும். பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயைத் திறந்தபடியே நிறுத்தி, சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. பிறகு நானும் அப்படியே பேசப் பழகிவிட்டேன்.

கதவு தட்டுகிறவனுக்குத்தான் அந்த ஊரின் இன்னொரு முகம் தெரியும். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி குப்பைத் தொட்டிகள். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு உருவம் வந்து நிற்கும். அது மூச்சு விடுவதுகூடத் தெரியும். கதவு மட்டும் திறக்காது. நாங்களும் நிற்போம், அதுவும் நிற்கும். இப்போது காலிங் பெல்லிலேயே கேமரா வந்துவிட்டது. யாருமே இல்லாத வீட்டின் சுவர், “என்ன வேணும்?” என்று கேட்கும். வீட்டுக்காரர் எங்கோ ரயிலில் உட்கார்ந்திருப்பார். சுவரிடம் கடவுளைப் பற்றிப் பேசிவிட்டு, சுவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். என் கூட்டாளி சுவரைப் பார்த்துச் சிரித்துக் கையும் அசைப்பான்.

இலங்கைத் தமிழ் அம்மா ஒருவரின் வீட்டுக்கு நாங்கள் முதலில் போனது குளிர்காலத் தொடக்கத்தில். அறுபதைத் தாண்டியவர். நீளச் சட்டைக்கு மேல் மகனுடையதாக இருக்க வேண்டிய ஒரு பெரிய ஸ்வெட்டர் போட்டிருந்தார். நெற்றியில் திருநீறு. நான் தமிழில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்து, “உள்ளுக்கு வாங்கோ” என்று கதவை அகலத் திறந்தார். அங்கேதான் சிக்கல். ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் நாங்கள் இருவர் மட்டும் போகக் கூடாது. மூன்றாவதாக ஒரு ஆண் இருந்தாக வேண்டும். அவன் எங்களோடு வந்தவனாக இருக்கலாம், அந்த வீட்டு ஆளாகவும் இருக்கலாம். பெரியவர்களிடம் இதைச் சொல்வதற்குள் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லைன்னா நாங்க ரெண்டு பேர் மட்டும் வரக்கூடாதுன்னு எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு. மூணாவது ஒருத்தர் கூட இருக்கணும்” என்றேன்.

அவர் என் தோளைத் தாண்டிப் பார்த்தார். “மூண்டு பேர்தானே வந்திருக்கிறியள்” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். சின்ன வாசல், ஈரத் தொட்டிகள், சாலை. யாரும் இல்லை. வேறு யாராவது கடந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் மாடிப்படியில் தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் இறங்கி வந்தார். அவருடைய மூத்த மகன். ஏர்போர்ட்டில் இரவு ஷிப்ட், பகலில் தூக்கம். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நான் மேல படுத்திருக்கிறன், அது காணுமெண்டா வாங்கோ. அம்மாக்கும் கதைக்க ஆள் வேணும். சமயம் மாத்தாட்டிச் சரி” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். வீட்டில் ஒரு ஆண் இருக்கிறார். விதிக்குப் பழுதில்லை. உள்ளே போனோம்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை மதியம் அந்த வீடு எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் சபையில் தேநீர் கூடாது, தேத்தண்ணி குடிக்க மாட்டோம் என்றதும் அந்த அம்மா பதறிப் போனார். காபியும் கிடையாது என்றதும் எங்களை நினைத்துப் பரிதாபப்பட்டார். கடைசியில் சுக்கும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிய பால் என்று ஒப்பந்தமாயிற்று. நான் வேதத்திலிருந்து ஏதாவது சொல்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முருகனும் அதைத்தான் சொல்கிறார் என்பார். மதமாற்றம் நடக்கிற வீடு அது இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. என் கூட்டாளிக்கு மட்டும் நம்பிக்கை இருந்தது.

ஏன் எப்போதும் ஜோடியாகத் திரிகிறோம் என்று ஒருநாள் கேட்டார். விதியைச் சொன்னேன். சாப்பிட, தூங்க, பஸ் ஏற, எதற்கும் தனியாக விடமாட்டார்கள் என்றேன்.

“நல்ல சட்டம்” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “அது நல்ல சட்டம் தம்பி” என்றார்.

சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அவர் கணவர், சந்தன மாலையோடு. பக்கத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், வெள்ளைச் சட்டையும் பள்ளிக்கூட டையுமாக. அந்தப் படத்துக்கு மாலை இல்லை, பொட்டும் இல்லை. தினமும் துடைத்த கண்ணாடி. அவருடைய இளைய மகன். இலங்கையில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில், சனங்கள் முகாமுக்குப் போகும் வழியில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ராணுவத்தார் அவனைப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்களாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

“மற்றப் பெடியளை வேற பஸ்ஸில ஏத்தினவங்கள். இவன் மட்டும் தனிய. யன்னலால என்னைப் பாத்துக்கொண்டே போனவன். அவனுக்கு ஒரு அறையில தனியப் படுக்க ஏலாது, பயம். தமையன்ர பாயிலதான் போய்ப் படுப்பான்” என்றார். அழவில்லை. பாலில் ஆடை படிந்துவிட்டது, குடியுங்கள் என்றார்.

அந்த வீட்டில் சில விஷயங்கள் எனக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தன. கதவைத் திறந்து எங்கள் இருவரையும் உள்ளே விட்ட பிறகு அவர் உடனே சாத்துவதில்லை. குளிர்காற்று முகத்தில் அடிக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு ஆள் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வருகிற நேரம். அதற்குப் பிறகுதான் சாத்துவார். பேசும்போது என்னையும் என் கூட்டாளியையும் பார்ப்பார், பிறகு எங்களுக்கு நடுவே சோபாவின் முதுகைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேசுவார். தமிழ் தெரியாத என் கூட்டாளி கொடுத்துவைத்தவன், அவன் பாட்டுக்குப் பாலைக் குடித்துக்கொண்டிருப்பான். நான் மட்டும் நடுவே திரும்பாமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை அவரே கேட்டார். “மற்றத் தம்பி ஏன் ஒண்டும் கதைக்கிறேல்லை?”

“இவருக்குத் தமிழ் தெரியாதும்மா” என்று கூட்டாளியைக் காட்டினேன்.

“அவரில்லை” என்றார். அவ்வளவுதான். பிறகு யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இருந்தால் மொட்டை மாடிக்கே போயிருப்பேனே.

அடுத்த முறை போனபோது மூத்த மகன் விழித்திருந்தார். அந்த அம்மா சமையலறையில் இருக்கும்போது எங்கள் இருவரையும் முன் ஹாலுக்குக் கூப்பிட்டு, “ஒரு விஷயம் காட்டவேணும்” என்று போனை நீட்டினார். காலிங் பெல் கேமராவில் பதிவான வீடியோக்கள். முதல் நாள் வீடியோவில் நானும் கூட்டாளியும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறோம், குளிருக்கு எல்லாரும் நிற்பது மாதிரி. அதற்கடுத்த வாரம் எங்களுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கடைசியாக வந்த வீடியோவில் அந்தக் குறுகிய வாசல்படியின் இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் அவன், சுவரில் இடித்துக்கொண்டு நிற்கிறோம். நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது.

“ஏன் இப்பிடி விலத்தி நிக்கிறியள்?” என்று கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவருக்கும் உள்ளூர நடுக்கம்.

 அப்படி நின்றது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கூட்டாளியைப் பார்த்தேன். சுவருக்கெல்லாம் சிரித்துக் காட்டுகிறவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

மகன் குரலைத் தாழ்த்தினார். “அம்மா சொல்லுறா, தம்பி உங்களோட வாறானாம். வெள்ளைச் சட்டையோட நடுவில நிக்கிறானாம். ஆனா உயிரோட இருக்கிறவனெண்டுதான் அவா நினைக்கிறா. எங்கயோ பிடிச்சு வச்சிருந்தவங்கள், விட்டிட்டாங்கள், இப்ப வீடு தேடி வாறான் எண்டு. நான் இத்தனை வருஷமா அவன் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொன்னதில்லை. திவசம் செய்யேல்லை, படத்துக்கு மாலை போடேல்லை. நீங்கள் செத்த ஆக்களைப் பற்றியெல்லாம் படிப்பிக்கிற ஆக்கள். தயவுசெய்து அந்தக் கதையை மட்டும் அம்மாட்ட எடுத்துப் போடாதேங்கோ. அந்த நம்பிக்கையிலதான் அவா எழும்பிச் சமைச்சுச் சாப்பிடுறா.”

நான் வாக்குக் கொடுத்தேன். கூட்டாளிக்கும் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

அன்றைக்கு இரவு நான் விளக்கை அணைக்கவில்லை. விளக்கு அணைக்கும் நேரத்துக்கும் விதி இருந்தது. விதிகளைக் கரைத்துக் குடித்த என் கூட்டாளி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து தெருவில் நடக்கும்போது எங்கள் காலடிச் சத்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். பாலத்துக்கு அடியில் நடக்கும்போது எதிரொலியோடு சேர்ந்து எத்தனை காலடி என்று பிரிக்கவே முடியாது. நான் நிற்பேன். அவனும் நிற்பான். ஒரு நொடி கழித்து இன்னொரு சத்தம் நிற்பது மாதிரி இருக்கும். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் உட்காராமல் எதிரெதிரே தனித்தனியாக உட்கார்ந்தோம், ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வியாழன் போகாமல் இருக்கலாமா என்று கேட்டேன். “அந்தம்மா காத்திருப்பார்” என்றான். அது எனக்கும் தெரியும். போனோம். வாசலில், வேண்டுமென்றே இருவரும் தோளை இடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒட்டி நின்றோம். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் பயம். கதவு திறந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்ன இது? அவனுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கோவன்” என்றார்.

விலகி நின்றோம். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றைக்கு மூன்றரை மணிக்கே வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் பால் கொண்டுவரவில்லை. எதிரே வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னை மட்டும் பார்த்தார்.

“தம்பி, நான் ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லவேணும். இவன் உங்களோடதான் வாறான், உங்களோடதான் போறான். என்னோட ஒரு வார்த்தை கதைக்கிறேல்லை. சாப்பிட வைச்சாச் சாப்பிடுறேல்லை. அண்டைக்குப் போன அதே வயசிலதான் நிக்கிறான். ஒரு நரை இல்லை. என்ர மற்றப் பிள்ளைக்குத் தலை வழுக்கையாப் போச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “உங்கட சமயத்தில இதுக்கு என்ன சொல்லுவினம்? என்ர பிள்ளை இருக்கிறானோ?”

மேலே படியில் பலகை முனகியது. மூத்த மகன் பாதிப் படியில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் அசைத்தார்.

“என்ன கேட்கிறார்?” என்றான் கூட்டாளி.

சொன்னேன். சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமும் ஒருவன் காதும் வாயும் இன்னொருவனுக்குச் சொந்தம் என்று பழகிவிட்ட பிறகு மழுப்ப வரவில்லை. அவன் கையிலிருந்த வேதத்தை மூடி வைத்தான். பிறகு, “நாம் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. ஆனால் இதைச் சொல் என்று எனக்குள்ளே ஒரு குரல் கேட்கிறது” என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் நேராக அந்த அம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினான். இளம் வயதில் இறந்துபோகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. அந்தப் பக்கத்திலும் ஊழியம் உண்டு. எங்களுக்கு அழைப்பு வந்தது போல அவர்களுக்கும் அழைப்பு வரும். உங்கள் மகன் அங்கே எங்களைப் போலவே ஒரு ஊழியக்காரனாக இருக்கிறான், அதனால்தான் எங்களோடு நடக்கிறான். இதைச் சொல்லும்போது அவன் அழுதான். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதான். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அதே சமயம் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவன் நம்பினான் என்பதும் எனக்குத் தெரியும்.

“வெள்ளைக்காரத் தம்பி என்ன சொல்லுறார்?” என்றார் அந்த அம்மா.

 படியில் நின்றவரைப் பார்க்க முடியவில்லை. “உங்க பையனும் எங்களை மாதிரியே ஊழியத்துல இருக்காருன்னு சொல்றாரும்மா” என்றேன்.

“எங்க?”

 விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தம் முழுக்க அவர் என் கூட்டாளியின் நனைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போய்விட்டது. வழக்கமாக விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவர் தொடரவில்லை.

“சொல்லவேண்டாம் ராசா” என்றார். “விளங்கீட்டுது.”

படியில் நின்ற மகன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அந்த அம்மா விழுந்துவிடுவார் என்று பயந்தேன், கதறுவார் என்று பயந்தேன். அவர் ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு யோசித்தார். ஒரு கணக்கு உதைக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டார்.

“அங்கயும் உங்களை மாதிரி ரெண்டு ரெண்டு பேராத்தானே விடுவினம்?” என்று கேட்டார். “தனிய விடமாட்டினமே?”

எங்கள் வேதத்தில் அப்படி எதுவும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கூட்டாளியிடம் கேட்கவும் இல்லை.

“தனியா விடவே மாட்டாங்கம்மா. எங்கே போனாலும் ரெண்டு பேர்தான். தூங்கும்போதுகூட” என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு என்னை விட்டுவிட்டு, எனக்கும் கூட்டாளிக்கும் நடுவே பார்த்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கண்டிப்பு வந்தது. வேலைக்கு நேரமாகியும் கிளம்பாத பிள்ளையிடம் காட்டுகிற கண்டிப்பு.

“அப்ப நீ இங்க நிக்கப்படாது” என்றார். “போ அப்பன். உன்ர கூட்டாளி அங்க தனிய நிப்பான்.”

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். குளிர் உள்ளே வந்தது. எங்களைப் போகச் சொல்லவில்லை, நாங்களும் எழவில்லை. அவர் சொன்ன எதையும் நான் மொழிபெயர்க்கவில்லை. தமிழில் ஒரு வார்த்தை தெரியாத என் கூட்டாளி, நடையை அடைத்தபடி நீட்டியிருந்த தன் நீளக் கால்களை மடக்கி, வழி விட்டான்.